முதலாம் இலக்கமும் மூன்றாம் மாதமும்

தண்ணீரூற்றில் உள்ள எமது கடையை இப்போது நடத்துவது என் சகோதரியின் மகன். அன்றொரு நாள் இரவு, கடை பூட்டும் நேரத்தில் தொலைபேசி எடுத்தார்.

"மாமா, கொழும்பில ஒரு முதலாளி கொமிக்ஸ் புத்தகம் தாராராம். எல்லாம் முதலாம் இலக்கம். சுப்பர்மேன், பெட்மேன் எல்லாம் புதுசாத் தொடங்கினதாம். இருபத்தைஞ்சு எடுத்தா விசேட அட்டை போட்டது ஒண்டு தருவாராம். நூறு எடுக்கட்டா?"

"விற்காததைத் திருப்பி எடுப்பாரா, மகன்?"

"இல்ல மாமா. காசும் முன்னுக்கே."

"எடுக்காதே" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், நானே சித்திரக்கதைப் புத்தகத்தால் வாசிக்கப் பழகியவன். அத்தோடு, முதலாம் இலக்கத்தை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்ட கதையும் என்னிடம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இந்தப் பக்கத்தில் எழுதினால் மருமகனுக்கு மட்டுமன்றி வேறு வியாபார நண்பர்களுக்கும் உதவலாம்.

முதலில் இந்த முதலாம் இலக்கம் என்பது என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் சுப்பர்மேன் கதை 1938ஆம் வருடம் 'அக்‌ஷன் கொமிக்ஸ்' என்ற மாத இதழின் முதலாம் இலக்கத்தில் தொடங்கியது. (அதைப் படைத்த இரு இளைஞர்களான சீகலும் ஷூஸ்டரும் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டார்கள். எழுதிக் கையொப்பமிடும் முன் ஒரு தரம் வாசியுங்கள் என்று எமது பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?) அந்த இதழ் 2011 வரை 904 இலக்கங்கள் வந்துவிட்டது. பெட்மேன் வரும் 'டிடெக்டிவ் கொமிக்ஸ்' 881. புதிதாக ஒரு பையன் கடைக்கு வந்து 904ஆம் இலக்கத்தைக் கையில் எடுத்தால் என்ன நினைப்பான்? முந்திய 903 கதையும் தெரியாமல் இது எனக்கு விளங்குமா என்று நினைத்து வைத்துவிடுவான். விற்பனையும் வருடாவருடம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே டீசி கம்பனி ஒரு பெரிய வேலை செய்தது. தனது பழைய இதழ்களை நிறுத்தி, 52 தலைப்புகளை இலக்கம் ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்கியது. 2011 ஓகஸ்ட் 31ஆம் திகதி 'ஜஸ்டிஸ் லீக்' முதலாம் இலக்கம் 3.99 டொலர் விலையில் வந்தது. மற்றவை செப்டெம்பர் முழுவதும் கிழமைக்குக் கிழமை இறங்கின. லட்சம் பிரதியைத் தொடும் இதழே அபூர்வமாகிவிட்டிருந்த அந்தக் காலத்தில், 'ஜஸ்டிஸ் லீக்' முதலாம் இலக்கத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் ஓர்டர் விழுந்தது. பல தலைப்புகள் மறுபடி மறுபடி அச்சாகின. பல வருடம் முன்னால் நின்ற மார்வெல் கம்பனியை அந்த மாதம் பிரதி எண்ணிக்கையில் டீசி முந்தியது.

இதுவரை கேட்டால் நூறு என்ன, இருநூறு எடுக்கலாம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த 2 லட்சத்தை வாங்கியது யார்?

கடைக்காரர்கள்!

யாருடைய கையில் சரக்கு?

அமெரிக்காவில் முன்பு சித்திரக்கதைகள் பத்திரிகைக் கடைகளில், விற்காததைத் திருப்பிக் கொடுக்கும் முறையில் விற்கப்பட்டன. எமது ஊரில் தினசரிப் பத்திரிகை விற்கும் அதே முறைதான். 1970களில் பில் சூலிங் என்ற வியாபாரி வேறு ஒரு வழி காட்டினார். கழிவை அதிகமாகத் தாருங்கள், நாங்கள் திருப்பித் தரமாட்டோம் என்றார். கம்பனிகளுக்கு வாய்க்குள் சீனி போட்டது போலாயிற்று. அதிலிருந்து சித்திரக்கதைக்கென்றே தனிக் கடைகள் பெருகின. ஆனால் அன்று முதல், புத்தகம் கடை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததுமே கம்பனிக்கு அது விற்ற கணக்கு. வாசகன் வாங்கினானா இல்லையா என்பது கடைக்காரனின் தலையெழுத்து.

இதன் விளைவை 1991இல் கண்டார்கள். மார்வெல் கம்பனி 'எக்ஸ்-மென்' முதலாம் இலக்கத்தை ஐந்து வகை அட்டையுடன் வெளியிட்டது. 80 லட்சத்துக்கு மேல் கடைகளுக்குப் போனது. உலக சாதனை. ஆனால் அத்தனை வாசகர் உலகத்தில் இருக்கவில்லை. ஒருவரே ஐந்து அட்டையும் வாங்கினார், நாளைக்கு விலை ஏறும் என்று பத்துப் பத்தாகவும் வாங்கி வைத்தார். மிச்சம் கடைகளின் பின்னறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. எல்லோரும் பத்திரப்படுத்திய சாமானுக்கு எப்படி விலை ஏறும்? சில வருடத்துக்குள் பெருந்தொகையான கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் கம்பனியே வங்குரோத்து மனுப் போட்டது.

மருமகன் சொன்ன 'இருபத்தைந்துக்கு ஒன்று' என்பது இந்த வர்த்தகத்தில் பழகிய தந்திரம். எமக்கும் அது புதிதல்ல. சவர்க்காரக் கம்பனிக்காரர் வந்து பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்று சொல்லும்போது, நாலு பெட்டி விற்கும் கடைக்காரர் பத்துப் பெட்டி இறக்குகிறாரே, அதுதான். அந்த ஒரு பெட்டியின் இலாபத்தை மிச்ச ஆறு பெட்டி தூசி பிடித்துத் தின்றுவிடும்.

டீசி கம்பனி இதை அறியாததல்ல. 2011இல், குறித்த அளவுக்கு மேல் எடுத்த கடைகளிடமிருந்து விற்காத பிரதிகளைச் சிறு கட்டணத்துடன் திருப்பி எடுப்பதாக முன்வந்தது. கடைக்காரர் துணிந்து ஓர்டர் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சரக்கின் ஆபத்தில் ஒரு பங்கைத் தானும் சுமக்கும் மொத்த வியாபாரியைக் கண்டால் கொஞ்சம் நம்பலாம் என்பது என் அபிப்பிராயம். கொழும்பு முதலாளி அதில் ஒரு சதமும் சுமக்கத் தயாரில்லை.

சரி, 52 தலைப்புகளும் என்னவாயின? 2012 ஜனவரியில், ஆறு தலைப்புகளை எட்டாம் இலக்கத்துடன் நிறுத்துவதாக அறிவித்தார்கள். முதலாம் இலக்கத்தை எல்லோரும் வாங்கினார்கள். அது எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் வாங்கினார்கள். நாலாம், ஐந்தாம் இலக்கத்துக்குக் கடைக்கு வந்தவர்தான் வாடிக்கையாளர்.

என் முதலாம் இலக்கம்

அதே 2012 ஜனவரியில்தான் நான் தண்ணீரூற்றில் கடையைத் திரும்பத் திறந்தேன்.

வாப்பாவின் கடை அது. கொப்பி, பேனை, பத்திரிகை, கொஞ்சம் பலசரக்கு. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து இந்தியச் சஞ்சிகைகள் தாராளமாக இறங்கத் தொடங்கியதும் வாப்பா யாழ்ப்பாணத்திலிருந்து சித்திரக்கதைப் புத்தகங்களும் எடுப்பித்தார். சிவகாசிக்காரர் அட்டையில் 'காமிக்ஸ்' என்று போடுவார்கள், எங்கள் வாயில் அது கொமிக்ஸ். முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அந்த மனிதர், இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் பிறந்தவர். முள்ளியவளைப் பையன்களுக்கு அது தெரியாது. அவர் பச்சைத் தமிழர் என்றே நினைத்திருந்தோம். வாப்பா புத்தகத்தை விற்பதைவிட வாடகைக்கு விடுவதையே விரும்பினார். ஓர் இரவுக்கு 25 சதம். அட்டை கிழிந்தால் இன்னுமொரு 25. ஒரு புத்தகம் தன் விலையைப் போல மூன்று மடங்கு உழைத்த பிறகுதான் இறாக்கையிலிருந்து இறங்கும்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல நாங்களும் வெளியேறினோம். கடைச் சாவி புத்தளத்தில் உம்மாவின் பெட்டிக்குள் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. வாப்பா அங்கேயே மௌத்தானார். கடன் கொப்பி கடைக்குள்ளேயே போய்விட்டது. போர் முடிந்து திரும்பிப் போனபோது சுவர் இரண்டு நின்றது, கூரை இல்லை. அதைக் கட்டித்தான் 2012இல் திறந்தேன். பெயர்ப்பலகையில் 'நியூ' என்று தொடங்கும் ஒரு புதுப் பெயரும் போட்டேன். கொழும்பில் அப்படித்தான் போடுகிறார்கள் என்று எண்ணம்.

திறப்பு நாள் விற்பனை 68,000 ரூபா. அல்ஹம்துலில்லாஹ், இறாக்கை காலி. முள்ளியவளை, நீராவிப்பிட்டி, முல்லைத்தீவு என்று எங்கிருந்தெல்லாமோ சனம் வந்தது. மறுநாளே வவுனியாவுக்குப் போய் மூன்று மடங்கு சரக்கு இறக்கினேன். காசுக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று மாதத் திகதியிட்டு மூன்று செக் கொடுத்தேன்.

பெப்ரவரியில் விற்பனை நாலில் ஒன்றாக விழுந்தது. மார்ச்சில் அதிலும் குறைவு. இரண்டாவது செக் திரும்பியது. மனைவி தன் காப்பைக் கழற்றித் தந்தார். அதை எழுத இன்றும் கை கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் கட்டுரை பொய்.

எங்கே பிழைத்தேன்? ஜனவரி பாடசாலை தொடங்கும் காலம், கொப்பி எப்படியும் போகும் என்ற சின்ன விடயம் ஒன்று. பெரிய விடயம் மற்றது. அன்று வந்தவர்கள் கொப்பிக்காக வரவில்லை. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு எங்களைப் பார்க்க வந்தார்கள். வெறுங்கையோடு போனால் அழகில்லை என்று ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். அந்த அன்பை நான் கேள்வி என்று கணக்கெழுதினேன்.

இலக்கத்தை மாற்றாதவர்கள்

அந்த ஜனவரியில் இன்னுமொரு மறுதொடக்கமும் நடந்தது. சிவகாசியில் முத்து காமிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். விஜயன் 1984 ஜூலையில் தொடங்கிய லயன் காமிக்ஸ், கடைசி வருடங்களில் ஒழுங்காக வராமல் நின்று நின்று வந்தது. அதே 1984 ஜூலையில் தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005இல் மூடப்பட்டுவிட்டது. லயனும் போய்விடும் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று ஒன்று போட்டார்கள். அதுவரை 10 ரூபாவுக்குச் சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையாக வந்த புத்தகம், இந்திய விலை 100 ரூபாவுக்கு நல்ல தாளில் நிறத்துடன் வந்தது.

விலையைப் பத்து மடங்காக்கியவர் தோற்றிருக்க வேண்டாமா? தோற்கவில்லை. ஏனென்றால், 10 ரூபாவுக்கு வாங்கிய பையன்கள் வளர்ந்து உழைக்கும் மனிதர்களாகிவிட்டார்கள் என்பதை அவர் சரியாகக் கண்டார். ஊரெல்லாம் பெட்டிக்கடைகளில் தொங்கவிட்டுக் காத்திருக்கவும் இல்லை. முன்பணச் சந்தாவையும் புத்தகக் கண்காட்சிகளையும் பிடித்துக்கொண்டார். எத்தனை பேர் காசு கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அச்சிடும் வியாபாரம். மறு வருடம், முத்து காமிக்ஸின் நாற்பதாம் ஆண்டு மலரை 400 ரூபாவுக்குப் போட்டபோதும் வாங்க ஆள் இருந்தது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. மறுதொடக்கம் என்று சொல்லியும் இலக்கத்தை ஒன்றுக்கு இறக்கவில்லை. பழைய கணக்கைத் தொடர்ந்து எண்ணினார்கள். 2015இல் லயன் 250ஆம் இலக்கத்தைக் கொண்டாடியது. சிறுவயதில் தொடங்கிய சேர்க்கையில் அடுத்த எண்ணாக அது வாசகனுடைய இறாக்கையில் போய் நின்றது.

டீசி கம்பனியும் பிறகு இதே இடத்துக்கு வந்தது. 2016இல் 'அக்‌ஷன் கொமிக்ஸ்' மறுபடி பழைய கணக்குக்குத் திரும்பி 957ஆம் இலக்கமாக வந்தது. 2018 ஏப்ரலில் ஆயிரமாவது இலக்கம், விலை 7.99 டொலர். வழமையின் இரு மடங்கு கொடுத்து வாங்கினார்கள். புதிது என்று சொல்வதற்காக 2011இல் கழற்றி எறிந்த அந்த எண்ணே ஏழு வருடத்தில் விற்கும் சரக்காகிவிட்டது.

இதை நான் கடையில் வேறு விதமாகப் படித்தேன். 2012 மே மாதமளவில், காப்பு அடகுக்குப் போன பிறகு, ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் சைக்கிளில் வந்து வெளியே நின்று பலகையைப் பார்த்தார்.

"தம்பி, இது அவற்ற கடையோ, இல்லாட்டி வேற ஆளோ?"

வாப்பாவின் கடைதான் என்றேன். உள்ளே வந்து 74 ரூபாவை மேசையில் வைத்தார். 1990இல் பிள்ளைகளுக்கு வாங்கிய கொப்பிக் கடனாம். கொப்பி தொலைந்துவிட்டது ஐயா, கணக்கு இல்லை என்றேன். "உங்களிட்ட இல்லை. என்னட்ட இருக்கு" என்றார். அவர் வீடும் 2009இல் தரைமட்டமானது என்பது எனக்குத் தெரியும்.

திறப்பு நாளில் வெளியூர்க் கடை என்று நினைத்து அவர் வரவில்லையாம். அவரைப் போல இன்னும் எத்தனை பேரோ! அந்தக் கிழமையே பலகையை இறக்கினேன். வாப்பாவின் பழைய பெயரை எழுதி, கீழே தொடங்கிய வருடத்தையும் போட்டேன். 'நியூ' எடுபட்டது. விற்பனை ஒரே நாளில் ஏறவில்லை. ஆனால் வந்தவர்கள் திரும்ப வந்தார்கள். ஒன்றரை வருடத்தில் செக்காரரின் கணக்கும் முடிந்தது, காப்பும் மீண்டது.

மறுபதிப்பு என்ற அடையாளம்

மருமகனுக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். பெரிய முதல் ஓர்டரைவிட, தீர்ந்துபோய் மறுபடி அச்சிட்டதைப் பார். 2014 பெப்ரவரியில் மார்வெல் கம்பனி 'மிஸ் மார்வெல்' என்ற இதழைப் புதிதாக முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கியது. நாயகி கமலா கான், அமெரிக்காவில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண். எழுதிய ஜி. வில்லோ வில்சனும் ஒரு முஸ்லிம் பெண்மணி. கடைக்காரர்கள் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை. முதலாம் இலக்கம் ஏழு தடவை அச்சானது. கடைக்காரன் ஊகித்த எண்ணைவிட வாசகன் கேட்ட எண் பெரிதாக இருந்தால்தான் மறுபதிப்பு வரும். அந்தக் கணக்கில் பொய் இல்லை.

சரக்கை ஒருவரிடமே நம்பியிருப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சித்திரக்கதைக் கடைகள் பல வருடம் டயமண்ட் என்ற ஒரே விநியோகஸ்தரிடமே வாங்கின. 2020இல் டீசி அதை விட்டு விலகியது. 2025 ஜனவரியில் டயமண்ட் வங்குரோத்து மனுப் போட்டது. அதன் களஞ்சியத்தில், விற்ற பிறகு காசு தருவது என்று பதிப்பாளர்கள் ஒப்படைத்த புத்தகங்கள் கிடந்தன. எமது வார்த்தையில் சொன்னால் அமானிதப் பொருள். அதையும் விற்றுக் கடனை அடைக்க அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார்கள், பதிப்பாளர்கள் எதிர்த்து நின்றார்கள். புறக்கோட்டையில் கொமிசனுக்குச் சாமான் ஒப்படைத்துவிட்டுத் துண்டுச் சீட்டை மட்டும் வைத்திருக்கும் நண்பர்கள் அந்த வழக்கைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கட்டும்.

கொழும்பு முதலாளியின் நூறு பிரதி பற்றி இப்போது. நான் சொன்னபடி மருமகன் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி மேசையில் வைத்தார். வேண்டுபவர் பெயரும், எந்த நாயகன் என்றும், 200 ரூபா முன்பணமும். ஆங்கில முதலாம் இலக்கங்களுக்கு இரண்டு கிழமையில் மூன்று பெயர் விழுந்தது. சிவகாசித் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பத்தொன்பது. டொலர் விலையும் அதில் ஒரு காரணம். 2022இல் ரூபா விழுந்து டொலர் 200இலிருந்து 360க்கு மேல் போன பிறகு, அமெரிக்க மாத இதழ் ஒன்றின் விலை எமது பெற்றோருக்குப் பெரிய தொகை. ஆங்கில வாசிப்பு இன்னொரு காரணம். கொழும்புக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவர் கோபிக்கவில்லை, வவுனியாவில் வேறு ஒருவர் எடுத்துவிட்டாராம்.

தமிழ்ப் புத்தகம் முதல் மாதம் பத்தொன்பதே எடுப்பித்தோம். தீர்ந்தது. இரண்டாம் மாதத்துக்குக் கொப்பியில் பதினாலு பெயர். மூன்றாம் மாதத்துக்குப் பதினொன்று. மருமகனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு வாடவில்லை. அந்தப் பதினொன்றில் ஒன்பது பேர் மூன்று மாதமும் வந்தவர்கள், அதில் ஒருவர் எழுபது தாண்டியவர், மாயாவி மட்டும் கேட்கிறார். பதினொன்றுக்கு ஓர்டர் கொடுத்து, கூட ஒன்று எடுக்கச் சொன்னேன். அது விற்பதற்கு அல்ல. வாப்பா விட்டது போல இரவு வாடகைக்கு. எவ்வளவு கேட்கலாம் என்று மருமகன் கேட்டார். இருபது ரூபா என்று வைத்திருக்கிறோம். அட்டை கிழிந்தால் இன்னுமொரு இருபது.